ஹலால் பங்குகளின் தரவரிசையை உலுக்கிப் பார்த்தபோது



வட்டியிலிருந்து விலகி நிற்க விரும்பும் குடும்பத்தின் கையில் ஒரு தொகை வந்து சேரும்போது எழும் கேள்வி நம் அனைவருக்கும் தெரிந்ததே. வங்கியில் வைப்புத்தொகையாகப் போட மனம் ஒப்புவதில்லை. நகையாக வாங்கிப் பூட்டி வைத்தால் அது ஒரு காசும் ஈட்டித் தருவதில்லை. போக்கியத்துக்கு வீடு பிடிக்கலாம் என்று சிலர் சொல்வர். அதிலும் வட்டியின் வாடை உண்டு என்று ஆலிம்கள் எச்சரிக்கின்றனர். இவ்வாறு வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபட்ட பின் எஞ்சுவது வணிகத்தில் பங்கு. வணிகத்தை நின்று நடத்த ஆண் துணையில்லாத வீட்டுக்கு அதுவும் பங்குச் சந்தையாகவே வந்து முடிகிறது.

தேங்காய்த்திட்டில் வசிக்கும் என் தங்கையின் நிலை இதுதான். அவளுடைய கணவர் மீன்பிடித் துறைமுகத்தையொட்டி ஐஸ் வியாபாரம் செய்தவர். மூன்றாண்டுகளுக்கு முன் வஃபாத்தானார். பூர்வீக நிலம் விற்றதில் அவள் பங்குக்குப் பன்னிரண்டு லட்ச ரூபாய் கிடைத்தது. மகள் பள்ளியிறுதியை நெருங்கிக்கொண்டிருந்தாள். இந்நிலையில் என் தம்பியின் மகன் தன் மாமிக்கு உதவும் நல்லெண்ணத்துடன் ஒரு கணினித் தாளைக் கொண்டுவந்தான். அவன் சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிபவன், கெட்டிக்காரன், ஐவேளைத் தொழுகையாளி.

அந்தத் தாளில் இருந்தது ஹலால் பங்குகளின் தரவரிசை. வட்டி நிறுவனங்கள், மது, புகையிலை, கேளிக்கைத் தொழில்கள் ஆகியவற்றை நீக்கி, மிஞ்சிய நிறுவனங்களுக்கு மூலதனத்தின் மீதான ஈட்டு, இலாப வளர்ச்சி, விலையின் மலிவு, கடந்த ஓராண்டின் விலையேற்றம் என்று நான்கு அளவுகளில் மதிப்பெண் இட்டிருந்தான். மாதந்தோறும் முதல் இருபது பங்குகளை வாங்கி, பட்டியலிலிருந்து இறங்கியவற்றை விற்றுவிட வேண்டும். அவ்வாறு செய்திருந்தால் பத்தாண்டுகளுக்கு முன் போட்ட ஒரு லட்சம் இன்று பதினான்கு லட்சமாகியிருக்கும் என்று தாளின் அடியில் தடித்த எழுத்தில் இருந்தது.

நான் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். தங்கை தாளை என்னிடம் நீட்டி, "நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணே, புள்ள ஆசையா கொண்டாந்திருக்கான்" என்றாள். அவளுடைய தொகை மட்டுமே என்றால் விவகாரம் சிறியது. அதே பட்டியலை மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜமாஅத்தில் உள்ள நாற்பது ஐம்பது குடும்பங்களுக்கு வாட்ஸ்அப் வழியே அனுப்பவும் பிள்ளை எண்ணியிருந்தான். ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பது சூரத்துல் ஹுஜுராத்தின் பாடம். செய்தியைக் கொண்டுவந்தவன் நம் வீட்டுப் பிள்ளை என்பதால் அந்தக் கடமை குறைந்துவிடாது. அவனையே பக்கத்தில் அமர்த்திக்கொண்டு இரண்டு மாதம், வார இறுதிகளில், அந்தத் தாளைச் சோதித்தோம்.

பழைய விலைகளை வைத்து ஒரு விதியை ஓட்டிப் பார்ப்பது பின்னோக்கிய சோதனை. அது எளிது. அவ்வாறு கிடைத்த விடை எத்தனை அசைப்புக்குத் தாங்கும் என்று பார்ப்பதுதான் கடினமான வேலை. பழைய காலத்தைப் பார்த்துச் செய்த விதி பழைய காலத்தில் வெல்வதில் வியப்பில்லை. ஆயிரத்து இருபத்து நான்கு பேர் ஆளுக்குப் பத்து முறை காசு சுண்டினால் அவர்களுள் ஒருவருக்கேனும் பத்தும் தலையாக விழும் என்று எதிர்பார்க்கலாம். அவரிடம் கையில் வித்தை எதுவும் இல்லை. எனவே, "இந்த நான்கு அளவுகளையும் இந்த விகிதத்தில் கலக்கும் முன் எத்தனை விதமாகக் கலந்து பார்த்தாய்?" என்பதே நான் பிள்ளையிடம் கேட்ட முதல் கேள்வி. சற்று யோசித்துவிட்டு, "முன்னூறு இருக்கும் பெரியத்தா" என்றான். ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. முன்னூற்றில் முதலாவதாக வந்ததைத்தான் தாள் காட்டியது. ஏனைய இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அடுத்துப் பார்த்தது தேதிகளை. நம் நாட்டு நிறுவனங்களின் கணக்காண்டு மார்ச் 31-இல் முடிகிறது. ஆண்டு முடிவுகளை வெளியிட செபி 60 நாள் அவகாசம் தருகிறது. ஆக, மே மாத இறுதிவரை அந்த எண்கள் வெளியே வராமலும் இருக்கலாம். பிள்ளையின் கணக்கோ ஏப்ரல் முதல் தேதியிலேயே மார்ச் மாத இலாபத்தை அறிந்து பங்கு வாங்கியது. மறைவானதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே என்று நம்பும் நாம், நம் கணினிக்கு அந்த அறிவை அறியாமலே கொடுத்துவிடுகிறோம். தேதிகளை மூன்று மாதம் பின்தள்ளியதும் பதினான்கு லட்சம் கணிசமாகச் சுருங்கியது.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது மூன்றாவதைத்தான். பொதுவான பங்குத் தரவரிசைகளைப் பற்றி எழுதுவோர் இதை எழுதுவதில்லை. நம்மைப் போன்றோருக்கு மட்டும் உரிய சிக்கல் இது.

ஹலால் பட்டியல் என்பது தொழிலைப் பார்த்து மட்டும் உருவாவதன்று. தொழில் ஆகுமானதாக இருந்தாலும் நிறுவனத்தின் வட்டிக் கடன் ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும். அந்த எல்லையை எதனோடு ஒப்பிட்டு அளப்பது என்பதில் அறிஞர் குழுக்கள் வேறுபடுகின்றன. பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட அயோஃபி கடனைச் சந்தை மதிப்போடு ஒப்பிட்டு 30 விழுக்காட்டை எல்லையாக வைக்கிறது. டோ ஜோன்ஸ் இஸ்லாமியக் குறியீடு 24 மாதச் சராசரிச் சந்தை மதிப்பில் 33 விழுக்காடு என்கிறது. எஸ் அண்ட் பி ஷரியா குறியீடு 36 மாதச் சராசரியைக் கொள்கிறது. எஃப்.டி.எஸ்.இ. சந்தை மதிப்பை விட்டுவிட்டு மொத்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு என்கிறது. மும்பைப் பங்குச் சந்தையுடன் சேர்ந்து 2010 டிசம்பரில் ஷரியா 50 குறியீட்டைத் தொடங்கிய டாசிஸ் நிறுவனம் இன்னும் இறுக்கமாக, மொத்தச் சொத்தில் 25 விழுக்காட்டை எல்லையாக வகுத்தது.

ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கடன் 100 கோடி, மொத்தச் சொத்து 360 கோடி, சந்தை மதிப்பு 250 கோடி. சொத்தோடு ஒப்பிட்டால் கடன் ஏறத்தாழ 28 விழுக்காடு. எஃப்.டி.எஸ்.இ. எல்லையில் அது தேறும். டாசிஸ் எல்லையில் தேறாது. சந்தை மதிப்போடு ஒப்பிட்டால் 40 விழுக்காடு, ஆகவே அயோஃபி எல்லையிலும் தேறாது. இப்போது பங்கின் விலை இரு மடங்காகிச் சந்தை மதிப்பு 500 கோடியைத் தொடுகிறது என்று கொள்வோம். கடனில் ஒரு ரூபாயும் அடைபடவில்லை. ஆனால் விகிதம் 20-க்கு இறங்கி நிறுவனம் பட்டியலுக்குள் வந்துவிடுகிறது. விலை ஏறியதால் அது ஹலாலானது! விலை வீழ்ந்தால், அதே கடனோடு, வெளியே தள்ளப்படும். இந்த ஆட்டத்தைத் தணிக்கவே இரண்டு, மூன்று ஆண்டுச் சராசரிகளை வைத்திருக்கிறார்கள் என்பது என் புரிதல்.

இனி, இன்றைய ஹலால் பட்டியலை எடுத்துக்கொண்டு பத்தாண்டு பின்னோக்கி ஓட்டினால் என்ன ஆகும்? பத்தாண்டுக்கு முன் கடனில் இருந்து, வணிகம் செழித்துக் கடனை அடைத்த நிறுவனம் இன்றைய பட்டியலில் உண்டு. அன்று கடனின்றி இருந்து, நொடித்துக் கடனில் மூழ்கிய நிறுவனம் இன்றைய பட்டியலில் இல்லை. சில நிறுவனங்கள் சந்தையிலேயே இல்லை. மதிப்பெண் இடும் முன்னரே, வெற்றி பெற்றவர்கள் மட்டும் தேர்வு அறைக்குள் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். நாம் மிகவும் நம்பும் அந்த முத்திரையே தரவரிசைக்கு இவ்வளவு சாதகம் செய்யும் என்று நான் முன்பு எண்ணிப் பார்த்ததில்லை. அந்தந்த ஆண்டின் அறிக்கையைக் கொண்டு அந்தந்த ஆண்டின் பட்டியலைத் திரும்பக் கட்டும் வேலையில் எங்களுக்கு ஐந்து வார இறுதிகள் போயின. முடிவில், பதினான்கு லட்சத்தில் பெரும்பகுதி மதிப்பெண் முறையால் வந்ததன்று, இன்றைய பட்டியலைப் பயன்படுத்தியதால் வந்தது என்று தெரிந்தது. பிள்ளை முகம் வாடிப்போனான்.

எண்களைச் சரியாக அடுக்கிவிட்டால் போதுமா என்றால், எண்களே பொய்யாக இருந்த கதையும் நம் நாட்டில் உண்டு. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தாமே எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் பங்கின் விலை 179 ரூபாயிலிருந்து 40 ரூபாய் அளவுக்கு வீழ்ந்தது. முந்தைய ஆண்டில்தான் நிறுவன நல்லாட்சிக்கான கோல்டன் பீகாக் விருது அதற்குத் தரப்பட்டிருந்தது. மென்பொருள் தொழில், குறைந்த கடன், நிறைந்த கையிருப்பு, சீரான இலாபம்: காகிதத்தில் எந்த ஹலால் தரவரிசையும் அதை மேலே ஏற்றியிருக்கும். அந்தக் கடிதத்தின்படி வராத வட்டி 376 கோடியும் வருமானமாகக் காட்டப்பட்டிருந்தது. ஈவுத்தொகையில் வட்டியின் பங்கைக் கணக்கிட்டு ஸதகாவாகக் கொடுத்துத் தூய்மை செய்துகொண்ட முதலீட்டாளர் யாரேனும் இருந்திருந்தால், பிறக்காத வட்டிக்கும் சேர்த்துக் கொடுத்திருப்பார். அல்லாஹ் அந்த நிய்யத்தை ஏற்றுக்கொள்வானாக.

இத்தகைய நிறுவனம் இருபதில் ஒன்றாக இருந்தால் தரவரிசை தாங்குமா என்று பார்க்க, அதிகம் ஈட்டிய மூன்று பங்குகளை நீக்கிவிட்டு ஓட்டினோம். பிறகு பட்டியலில் ஒற்றைப்படை எண்ணில் வரும் நிறுவனங்களைத் தனியாகவும் இரட்டைப்படையில் வருவனவற்றைத் தனியாகவும் பிரித்து ஓட்டினோம். விதி உண்மையில் எதையோ கண்டறிகிறது என்றால் இரு பாதிகளிலும் அது தெரிய வேண்டும். ஒரு பாதியில் நன்றாக இருந்தது. மற்றதில் அனைத்தையும் சமமாக வாங்கியவரைவிடச் சிறிதளவே மேல். மாதத்தின் முதல் தேதிக்குப் பதில் பத்தாம் தேதி வாங்கிப் பார்த்தோம். விலையேற்ற அளவுக்கான மதிப்பெண்ணை 25-இலிருந்து 20 ஆக்கிப் பார்த்தோம். இத்தனை சிறிய மாற்றத்துக்கும் இருபதில் ஏழெட்டுப் பெயர்கள் மாறின. ஐந்து மதிப்பெண் அசைந்ததற்குப் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு உதிருமானால், ஒன்பதாம் இடத்துக்கும் இருபத்தொன்பதாம் இடத்துக்கும் இடையில் என்ன வேறுபாடு இருக்கிறது?

ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஓர் அறிவிப்பாளரை நம்பகமானவர் என்று ஒரே முத்திரையில் ஏற்றுக்கொண்டு நின்றுவிடவில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. முதுமையில் நினைவு தடுமாறியவர் என்றால், தடுமாற்றத்துக்கு முன் அவரிடம் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்றுகூடப் பிரித்தார்கள். ஒரே மனிதரின் சொல்லுக்குக் காலத்தைப் பொறுத்து வெவ்வேறு எடை. நாங்களும் பத்தாண்டுகளைத் துண்டு துண்டாக வெட்டினோம். 2018 செப்டம்பரில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நொடித்தபோதும், 2020 மார்ச்சில் யெஸ் வங்கி முடக்கப்பட்டபோதும் ஹலால் பட்டியல் அதில் சிக்கவில்லை, ஏனெனில் அதில் வட்டி நிறுவனங்களே இல்லை. இது மதிப்பெண் முறையின் திறமையன்று. நிஃப்டி 50-இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடை நிதித் துறைக்கே உரியது. அதனோடு ஒப்பிட்டு வென்றேன் என்பது தவறான அளவுகோல். நிஃப்டி ஷரியா குறியீடுகள் இருக்கின்றன. அவற்றோடுதான் ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டபோது வெற்றி பெரும்பாலும் மூன்று ஆண்டுகளில் குவிந்திருந்ததைக் கண்டோம்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பங்கை வாங்கும்போது 0.1, விற்கும்போது 0.1 விழுக்காடு பரிவர்த்தனை வரி. மாதந்தோறும் பாதிப் பட்டியல் மாறினால் ஆண்டுக்கு ஆறு முறை முழுத்தொகையும் கைமாறுகிறது. வரி மட்டும் 1.2 விழுக்காடு. ஓராண்டுக்குள் விற்ற இலாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 20 விழுக்காடு வருமான வரி. சிறிய நிறுவனங்களில் நாம் வாங்கப் போனாலே விலை ஏறும், விற்கப் போனாலே இறங்கும். நாற்பது குடும்பங்கள் ஒரே காலையில் ஒரே பங்கை வாங்கப் புகுந்தால் சொல்லவே வேண்டாம். அமெரிக்காவில் வேல்யூ லைன் நிறுவனம் 1965 முதல் பங்குகளை ஐந்து வகுப்பாகத் தரம் பிரித்து வந்தது. பொருளியலறிஞர் ஃபிஷர் பிளாக் 1973-இல் அதைச் சோதித்து, தரவரிசையில் உண்மை உண்டு என்றார். ஆயினும் அந்நிறுவனம் நடத்திய முதலீட்டு நிதிகள் காகிதத்து முதல் வகுப்பைப் போல ஈட்டவில்லை. 2016-இல் மெக்லீன், பாண்டிஃப் என்ற இரு ஆய்வாளர்கள், பங்கு விலையை முன்னறிவிப்பதாக வெளியான 97 அளவுகளை மறுபடியும் ஆராய்ந்தார்கள். மூல ஆய்வு எடுத்துக்கொண்ட காலத்தைத் தாண்டியதும் ஈட்டம் 26 விழுக்காடு குறைந்தது. ஆய்வு அச்சேறிய பின் 58 விழுக்காடு குறைந்தது. பிள்ளையின் நான்கு அளவுகளும் அச்சேறிப் பல்லாண்டு ஆனவை.

இவ்வளவுக்கும் பின் முறை முற்றிலும் வெறுமையாகிவிடவில்லை என்பதையும் நீதியாகச் சொல்ல வேண்டும். பட்டியலைப் பத்துப் பகுதியாக வெட்டியபோது, அடிப்பகுதியில் நின்ற நிறுவனங்கள் ஏறக்குறைய எல்லாக் காலத் துண்டுகளிலும் மோசமாகவே இருந்தன. மேலே எதை வாங்குவது என்று சொல்வதைவிட, எதைத் தொடக்கூடாது என்று சொல்வதில் அது தேறியது. எனக்கு இது மதிப்புள்ள செய்தியாகவே பட்டது. பதினான்கு லட்சம் என்று எழுத முடியாது, அவ்வளவுதான்.

முடிவுகளைத் தங்கையின் வீட்டில் வைத்து விளக்கினேன். தம்பியும் வந்திருந்தான். "ஊரான் வித்தா வாங்குவீங்க, நம்ம புள்ள சொன்னா ஆயிரம் குத்தம்" என்று அவன் முகம் திருப்பிக்கொண்டது எனக்கு வருத்தம்தான். இன்றுவரை பேச்சு முன்போல் இல்லை. தங்கை மட்டும் பொறுமையாகக் கேட்டாள். சராசரியாக ஆண்டுக்கு எவ்வளவு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது குறுக்கிட்டாள். "சராசரிய விடுங்கண்ணே. ஆறு உள்ள எவ்வளவு ஆழமா இருந்தா என்ன, முகத்துவாரத்துல மணலு ஏறிக்கிடந்தா போட்டு வெளிய போவாது. ரொம்ப இறங்குன நாள்ல எவ்வளவு இறங்குச்சு? ஏற எத்தன மாசம் ஆச்சு?" துறைமுக வாயில் தூர்ந்து படகுகள் முடங்கிக் கிடக்கும் நாள்களை அவள் கணவர் காலத்திலிருந்தே பார்த்து வருபவள். புள்ளியியல் வகுப்பில் இதே கேள்வியை மாணவர்களிடமிருந்து வரவழைக்க நான் எத்தனையோ ஆண்டுகள் முயன்றிருக்கிறேன்.

விடை அவளுக்குச் சாதகமாக இல்லை. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13 விழுக்காடு வீழ்ந்தது. அந்தப் பருவத்தில் பிள்ளையின் இருபது பங்குகள் சந்தையைவிட அதிகமாகவே சரிந்திருந்தன. அவளுக்கோ மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இரண்டாண்டுக்குள் பணம் வேண்டும். எந்தத் தரவரிசை எத்தனை சோதனையில் தேறினாலும் அந்தத் தொகைக்கு அது பொருந்தாது. கட்டணத்துக்கு வேண்டிய ஆறு லட்சத்தைத் தனியே ஒதுக்கி நடப்புக் கணக்கில் வைத்தாள். ஈட்டமும் இல்லை, வட்டியும் இல்லை. மீதியில் ஒரு பகுதியை ஷரியா நெறிப்படி நடக்கும் பரஸ்பர நிதியொன்றில் மாதந்தோறும் சிறிது சிறிதாகச் செலுத்துகிறாள். எஞ்சியதை ஐஸ் வியாபாரத்தில் கணவருடன் கூட்டாக இருந்தவரிடம் இலாப நட்டப் பங்குக்குக் கொடுத்திருக்கிறாள். அதையும் எழுத்தில், இரு சாட்சிகளோடு.

கட்டணப் பட்டியல் எண்ணத்தைப் பிள்ளை இப்போதைக்குக் கைவிட்டான். பங்குப் பரிந்துரையைக் கட்டணத்துக்குத் தருவோர் 2014-ஆம் ஆண்டின் ஆய்வாளர் விதிகளின்படி செபியிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதை எடுத்துக் காட்டினேன். நானறிந்த ஹஜ்ரத் ஒருவரிடமும் அழைத்துச் சென்றேன். அவர் பங்கு விகிதங்கள் எதையும் கேட்கவில்லை. விற்கும் பொருளில் உள்ள குறை விற்பவனுக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லாமல் விற்பது ஆகுமா என்று மட்டும் கேட்டார். பிள்ளை பதில் சொல்லவில்லை.

அதற்கு மாறாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலை, சந்தை திறக்கும் முன், அவன் இருபது பெயர்களையும் விலைகளையும் ஒரு நோட்டில் பேனாவால் எழுதித் தேதியிட்டு ஒப்பமிட வேண்டும். அதன் படத்தை எனக்கு அனுப்ப வேண்டும். விதியை மாற்றக்கூடாது, அடித்துத் திருத்தக்கூடாது, பணம் போடக்கூடாது. பின்னோக்கிப் போன சோதனையில் எத்தனையோ கதவுகள் வழியாக எதிர்காலம் உள்ளே நுழைந்துவிடுகிறது. இந்த நோட்டுக்குள் அது நுழைய வழியில்லை. மூன்றாண்டு எழுதுவது என்பது பேச்சு. இப்போது ஏழு மாதம் ஆகியிருக்கிறது. நான்கு மாதம் ஷரியா குறியீட்டுக்கு மேல், மூன்று மாதம் கீழ். ஏழு மாதத்தை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை என்று அவனே இந்த முறை எனக்கு எழுதியிருந்தான்.